பேட்டரி திரும்பப் பெறல்: ஹைபிரிட் கார் உரிமையாளருக்குச் சட்டம் தருவது என்ன?

வேலூரில் 2022 மார்ச் மாதக் கடைசியில், இரவில் வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில், புகையில் சிக்கி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் உயிரிழந்தனர். அதையடுத்த வாரங்களில் ஒகினாவா நிறுவனம் 3,215 ஸ்கூட்டர்களையும், பியூர் இவி நிறுவனம் 2,000 வாகனங்களையும், ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம் 1,441 ஸ்கூட்டர்களையும் பரிசோதனைக்காகத் திரும்ப அழைத்தன. மூன்று அழைப்புகளும் நிறுவனங்கள் தாமாக அறிவித்தவை. அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பிறப்பித்த ஆணை எதுவும் அவற்றின் பின்னால் இல்லை.

கார்களிலும் இதே நிலைதான். பேட்டரி அமைப்பைச் சோதிப்பதற்காக 2020 டிசம்பரில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் விற்ற 456 கோனா மின்சாரக் கார்களைத் திரும்ப அழைத்தது. மாருதி சுசுகி, 2019 டிசம்பரில் சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 ஆகிய ஹைபிரிட் வகைகளில் 63,493 கார்களை மோட்டார் ஜெனரேட்டர் என்ற உறுப்புக்காகத் திரும்ப அழைத்தது. 2021 செப்டம்பரில் அதே உறுப்புக்காக 1,81,754 பெட்ரோல் கார்கள் மீண்டும் அழைக்கப்பட்டன.

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் மின்சாரக் காரை வாங்கத் தயங்கும் நடுத்தரக் குடும்பங்கள் பல, ஹைபிரிட் காரை நடுவழியாகக் கருதுகின்றன. மின்னேற்ற நிலையத்தைத் தேட வேண்டியதில்லை. எரிபொருள் செலவும் குறைகிறது. அதற்காகச் சில லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் விலையில் பெரும் பங்கு பேட்டரிக்கும் அதைச் சார்ந்த மின்னமைப்புக்கும் உரியது. அந்தப் பேட்டரியே பழுதானால், அல்லது அது பழுதாகக்கூடும் என்று நிறுவனமே கடிதம் அனுப்பினால், உரிமையாளர் என்ன செய்யலாம்?

இதற்கு விடை தேடுபவர் மூன்று எண்களை நினைவில் கொள்ள வேண்டும். டொயோட்டாவும் மாருதியும் தம் ஸ்ட்ராங் ஹைபிரிட் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். கட்டாயத் திரும்பப் பெறல் விதிகள் பொருந்துவது 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர அனுமதிக்கப்பட்ட காலமோ 2 ஆண்டுகள். இந்த மூன்று கால அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்தாததால், தம் உரிமை முழுதாக இருப்பதாக எண்ணிக் காத்திருப்பவர் அதை இழந்துவிடக்கூடும்.

பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

ஹைபிரிட் கார்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மைல்டு ஹைபிரிட் காரில் சிறிய பேட்டரி என்ஜினுக்கு உதவி மட்டுமே செய்கிறது. ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் சிறிது தூரம் மின்சாரத்தால் மட்டுமே ஓடும். அதன் பேட்டரி, ஓட்டத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் தானே மின்னேற்றம் பெறுகிறது. பிளக்-இன் ஹைபிரிட் காரை வெளியிலிருந்தும் மின்னேற்றலாம். பேட்டரியின் கொள்ளளவு கூடும்போது, பழுதினால் விளையும் ஆபத்தும் கூடுகிறது. வேதியியலும் வேறுபடுகிறது: இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியும், ஹைரைடர் ஹைபிரிட்டில் லித்தியம் அயனி பேட்டரியும் உள்ளன.

லித்தியம் மின்கலத்தினுள் நேர்மின்முனையையும் எதிர்மின்முனையையும் மெல்லிய படலம் ஒன்று பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் படலம் மடிந்தாலோ கிழிந்தாலோ உள்ளேயே மின்குறுக்கு ஏற்பட்டு, ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்தைப் பற்றவைக்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் போல்ட் மின்சாரக் கார்களில் கண்ட குறை இதுவே: ஒரே கலத்தில் மடிந்த படலமும் கிழிந்த மின்முனைத் தகடும் சேர்ந்திருந்தால் தீப்பற்றும் வாய்ப்பு இருந்தது. சுமார் 1,42,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சுமார் 200 கோடி டாலர் செலவில் 190 கோடி டாலர் வரை பேட்டரி தயாரித்த எல்ஜி நிறுவனம் ஏற்க ஒப்புக்கொண்டது. உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கும் பின்னர் 15 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

ஹைபிரிட் கார்களும் விலக்கல்ல. ஃபோர்டு நிறுவனம் ஐரோப்பாவில் 2020-இல் 20,000-க்கும் மேற்பட்ட குகா பிளக்-இன் ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தபோது, மறு அறிவிப்பு வரும்வரை மின்னேற்றம் செய்ய வேண்டாம் என்று கூறியது. கிரைஸ்லர் நிறுவனம் 2022-இல் 16,741 பசிஃபிகா ஹைபிரிட் வேன்களின் உரிமையாளர்களிடம், வண்டியை வீட்டிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் தள்ளி நிறுத்தச் சொன்னது. மின்சாரத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர், மாற்றுப் பாகம் வரும்வரை வெறும் பெட்ரோல் கார் ஓட்டினார்.

இந்தக் குறைகளில் எதையும் வாங்குபவர் கண்ணால் காண இயலாது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், விற்பவர் அறிந்த குறையை வாங்குபவர் அறியாதபோது சந்தை எவ்வாறு சிதைகிறது என்பதை 1970-இல் விளக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்ச் சந்தை. ஹைபிரிட் பேட்டரியில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுதல். கலங்களின் வெப்பம், மின்னழுத்தம், பிழைக் குறியீடுகள் எல்லாம் பேட்டரியைக் கண்காணிக்கும் கணினியில் பதிவாகின்றன. அதைப் படிக்கும் கருவி நிறுவனத்தின் பணிமனையில் இருக்கிறது. பாகத்துக்கு விலை கொடுத்தவரிடம் அதைப் பற்றிய தகவல் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம்

இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கம் 2012-இல் வகுத்த தன்னார்வ நெறிமுறையே நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு தரக்கூடிய குறை என்று குறிப்பிட்ட விகித உரிமையாளர்களோ, சோதனை அமைப்போ, வேறு வழியிலோ தெரிவிக்கப்பட்டால், அந்த வகை வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு ஆணையிடலாம்.

இந்தப் பிரிவின் இரண்டு கூறுகள் ஹைபிரிட் உரிமையாளருக்கு முக்கியமானவை. முதலாவது, குறை ஓர் உறுப்பில் இருந்தால், அந்த உறுப்பைக் கொண்ட எல்லா வாகனங்களையும், வகை எதுவாயினும், திரும்ப அழைக்கலாம். கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் வெவ்வேறு பெயர்ப்பலகையுடன் கர்நாடகத்தின் பிடதியில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை. ஒன்றின் உரிமையாளர் மற்றதன் அறிவிப்பையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது, ஆணைக்கு உள்ளான உற்பத்தியாளர் முழு விலையையும் திருப்பித் தரலாம். அல்லது வேறு வாகனம் தரலாம். அல்லது பழுது நீக்கித் தரலாம். இவற்றில் எது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையைச் சட்டம் உரிமையாளரிடம் தெளிவாக ஒப்படைக்கவில்லை. செலவு குறைந்த வழியை நிறுவனம் நாடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தானாகவே குறையை அறிவித்துத் திரும்பப் பெறும் நிறுவனத்துக்கு அபராதம் இல்லை. ஆணை பெற்ற பின் செய்தால் விதிகளின்படி ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம். தாமாக முன்வருவோருக்கு ஊக்கம் தருவது நல்லதே. ஆனால் லட்சம் கார்கள் விற்கும் நிறுவனத்துக்கு ரூ.1 கோடி என்பது ஒரு காருக்கு ரூ.100 மட்டுமே. மேலும், புகார்களின் விகிதம் எட்டினால்தான் அரசு அசையும் என்றால், மாவட்டத்துக்குச் சிலராகச் சிதறிக் கிடக்கும் ஹைபிரிட் உரிமையாளர்களின் குரல் கணக்கில் சேருவது கடினம். எனவே பழுது கண்டவர் பணிமனையோடு நின்றுவிடாமல், போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்வது நல்லது.

நுகர்வோர் சட்டத்தின் இரு பாதைகள்

திரும்பப் பெறல் கடிதம் வந்துவிட்டால் வேறு உரிமை இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கடிதம், பொருளில் குறை இருக்கக்கூடும் என்பதற்கு உற்பத்தியாளரே தரும் எழுத்துச் சான்று.

இந்தச் சட்டத்தில் இரண்டு பாதைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, குறையுள்ள பொருள் என்ற பாதை. ஆணையம் பழுதை நீக்கவோ, பொருளை மாற்றவோ, விலையைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ உத்தரவிடலாம். மற்றொன்று, பொருளினால் நேர்ந்த தீங்குக்கான பொறுப்பு என்ற பாதை. தீயினால் ஒருவர் காயமடைந்தாலோ, வீடு சேதமானாலோ உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும். உற்பத்திக் குறை நிரூபிக்கப்பட்டால் பொறுப்பு எழுகிறது. ஆனால் இங்கே தீங்கு என்பதன் வரையறை, அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதத்தையும் வணிக, பொருளாதார இழப்பையும் விலக்குகிறது. எனவே எரிந்த காருக்கு முதல் பாதை. எரிந்த வீட்டுக்கும் காயத்துக்கும் இரண்டாவது பாதை. மனுவில் இரண்டையும் தனித்தனியே கேட்காவிட்டால் ஒன்று விட்டுப்போகும். மறுவிற்பனை விலை சரிந்தது என்பதை மட்டும் காட்டி இழப்பீடு பெறுவது எளிதன்று.

கடலூர் மாவட்டத்தவருக்கு இந்தச் சட்டம் தரும் பெரிய வசதி ஒன்று உண்டு. காரைப் புதுச்சேரியில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும், தாம் வசிக்கும் இடத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். சிதம்பரத்தில் வசிப்பவர் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. விலை ரூ.10 லட்சத்துக்கு மேல் ரூ.20 லட்சம் வரை எனில் கட்டணம் ரூ.400, அதற்கு மேல் ரூ.50 லட்சம் வரை ரூ.1,000. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் மனு தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியுடன் கூட்டாக மனு தரவும் இடமுண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் கொண்டது. அதற்கான புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் அளிக்கலாம். வாடகைக்கு ஓட்டும் கார் வணிக நோக்கம் என்று மறுக்கப்படக்கூடும். எனினும் சுயவேலையாகத் தம் பிழைப்புக்காக ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள்

புதிய கார் கிடைக்குமா, பாகம் மட்டும் மாறுமா? இரண்டு தீர்ப்புகள் இதன் எல்லைகளைக் காட்டுகின்றன. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் (2006), கிளட்ச் பழுதுக்காகக் காரையே மாற்றித் தரக் கேட்டபோது, உத்தரவாதத்தின்படி பழுதான பாகத்தை மாற்றுவதே நிறுவனத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஹூண்டாய் மோட்டார் இந்தியா எதிர் ஷைலேந்திர பட்நாகர் வழக்கில் (2022), விபத்தில் காற்றுப்பை விரியாததற்காக இழப்பீட்டோடு காரையும் மாற்றித் தரும் உத்தரவை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. பாதுகாப்பு அம்சத்தை நம்பி ஒருவர் வாங்கிய பொருள், நியாயமான வாங்குபவர் எதிர்பார்க்கும் பாதுகாப்பைத் தரவில்லை என்பது அங்கே எடைபெற்றது.

பேட்டரி எந்தப் பக்கம் சேரும்? கொள்ளளவு குறைந்த பேட்டரி கிளட்சைப் போன்றது. பாகத்தை மாற்றினால் போதும் என்ற வாதம் நிற்கும். தீப்பற்றக்கூடிய பேட்டரி காற்றுப்பைக்கு அருகில் வருகிறது. ஆகவே புகாரில் மைலேஜ் குறைந்தது என்று மட்டும் எழுதாமல், பாதுகாப்புக் குறை இருந்தால் அதை முதன்மையாகவும் சான்றோடும் குறிப்பிட வேண்டும்.

வெள்ளமும் உப்புக்காற்றும்

கடலூருக்கு இந்தப் பிரச்சினையில் தனியான ஒரு முகம் உண்டு. 2015-இன் பெருமழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. நியூ ஜெர்சியில் 2012-இல் சாண்டி புயலின்போது கடல்நீரில் மூழ்கிய 16 ஃபிஸ்கர் கர்மா பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் துறைமுகத்தில் எரிந்தன. ஃபுளோரிடாவில் 2022-இல் இயான் புயலுக்குப் பின் உப்புநீரில் நனைந்த மின்சாரக் கார்கள் பல தீப்பற்றின. வெள்ளநீரில் மூழ்கிய ஹைபிரிட் காரை இயக்கிப் பார்க்கக் கூடாது. வீட்டிலிருந்து தள்ளி நிறுத்திப் பணிமனைக்கு இழுத்துச் செல்ல வேண்டும்.

சட்டச் சிக்கலும் இங்கேதான் எழுகிறது. முழுக் காப்பீடு தீ, தானாகப் பற்றுதல், வெள்ளம், புயல் ஆகியவற்றை ஏற்கிறது; மின்சார, இயந்திரப் பழுதை ஏற்பதில்லை. உத்தரவாதமோ உற்பத்திக் குறையை ஏற்கிறது. நீர் புகுந்த சேதத்தை ஏற்பதில்லை. வெள்ளம் வடிந்து சில மாதங்கள் கழித்துப் பேட்டரி செயலிழந்தால், உற்பத்தியாளர் வெள்ளத்தைக் காட்டுவார். காப்பீட்டு நிறுவனம் மின்பழுது என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே உரிமையாளர் நிற்பார். இத்தகைய நேர்வில் இருவரையும் ஒரே மனுவில் எதிர்தரப்பாகச் சேர்ப்பதே அறிவுடைமை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு எரிந்த காருக்காக எதுவும் கிடைக்காது. தீப்பற்றிய காருக்குக் காப்பீட்டுத் தொகை பெறுபவர், உற்பத்தியாளர்மீதான உரிமையை எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்பதைப் படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

சான்றும் காலமும்

பழுதான பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் பொருத்திவிட்டால், பழையது நிறுவனத்திடம் போய்விடுகிறது. அதோடு சான்றும் போய்விடுகிறது. எனவே வண்டியை ஒப்படைக்கும் முன் திரும்பப் பெறல் கடிதத்தின் நகல், ஒவ்வொரு முறையும் தரப்பட்ட ஜாப் கார்டு, பிழைக் குறியீடுகளின் அச்சுப் பிரதி, கருவிப் பலகையில் தோன்றிய எச்சரிக்கையின் படம் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை மின்னஞ்சலில் எழுதிப் பதில் கேட்க வேண்டும். ஆணையம் கேட்டால் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க சட்டம் வழிவகுக்கிறது. அந்தச் செலவை முதலில் மனுதாரரே கட்ட நேரலாம்.

இரண்டு ஆண்டுக் காலக்கெடு வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அந்த நாள் எது? முதல் பழுதா, திரும்பப் பெறல் கடிதமா, பழுதுநீக்க மறுத்த நாளா? எதிர்தரப்பு வழக்கறிஞர் மிகப் பழைய தேதியையே காட்டுவார். பாகம் வரவில்லை, காத்திருங்கள் என்ற கடிதப் போக்குவரத்து காலக்கெடுவை நீட்டிப்பதில்லை. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பியிருப்பது சரியன்று. உத்தரவாதம் 8 ஆண்டுகள் இருக்கிறது என்ற ஆறுதலில் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டால், எஞ்சுவது நிறுவனத்தின் நல்லெண்ணம் மட்டுமே.

செய்ய வேண்டியவை

சில சீர்திருத்தங்கள் பெரும் செலவின்றி இயலும். திரும்பப் பெறல் கடிதங்கள் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரிக்கே போகின்றன. பழைய கார் வாங்கியவருக்கு அது தெரிவதில்லை. பதிவு எண்ணோடு திரும்பப் பெறல் நிலுவையை இணைத்து, காப்பீடு புதுப்பிக்கும்போதும் புகைச் சான்று எடுக்கும்போதும் உரிமை மாற்றத்தின்போதும் காட்டினால் போதும். அமெரிக்காவில் வாகன அடையாள எண்ணைக் கொண்டு எவரும் இதை இணையத்தில் பார்க்க 2014 முதல் வசதி உள்ளது. திரும்பப் பெறலுக்கு முன்பே, புகார்களையும் உயிரிழப்பு, காயம் குறித்த கோரிக்கைகளையும் நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

இவற்றோடு, பேட்டரியின் பதிவுத் தரவை உரிமையாளர் கேட்டால் தர வேண்டும் என்ற விதியும், பாகம் வரும்வரை மாற்று வாகனமோ நாள் படியோ தரும் கடமையும் தேவை. நுகர்வோர் வழக்கின் காலக்கெடுவை உத்தரவாதக் காலம் முடிவதற்கு முன் முடியாதபடி திருத்துவது இவற்றிலும் முதன்மையானது. எட்டு ஆண்டுகள் உழைக்கும் என்று விற்கப்படும் பொருளுக்கு, எட்டு ஆண்டுகளுக்கும் நீதி கேட்கும் வழி திறந்திருக்க வேண்டும். அது வரும்வரை, கையில் திரும்பப் பெறல் கடிதம் வைத்திருக்கும் உரிமையாளர் முதலில் செய்ய வேண்டியது, அது வந்த தேதியை அதன்மேல் எழுதிவைப்பதுதான்.